அகராதியைப் படியெடுத்த கைதி

போட்டித் தேர்வுக்காக ஒருகாலத்தில் நானும் ஆங்கிலச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவன். தேர்வு முடிந்த சில மாதங்களிலேயே பாதிக்கு மேல் மறந்துபோயிற்று. அதனால்தானோ என்னவோ, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குரலாக ஒலித்த மால்கம் எக்ஸின் மேடை முழக்கங்களைவிட, அவருடைய சிறைநாட்களே என்னை ஈர்க்கின்றன.

1925-இல் ஒமாஹா நகரில் பிறந்த அவர், எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு நின்றவர். திருட்டு வழக்கில் 1946-இல் சிறை புகுந்தபோது வயது 20. தெருப்பேச்சில் வல்லவர்தான், ஆனால், தாம் மதித்த எலிஜா முகம்மதுக்குக் கடிதம் எழுத அமர்ந்தபோது சொற்கள் கைகொடுக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தாலும் வரிக்கு வரி புரியாத சொற்கள்.

நார்ஃபோக் சிறையில் அகராதி ஒன்றைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தை நிறுத்தக்குறிகள் உட்பட அப்படியே படியெடுத்தார். அதற்கே ஒரு நாள் பிடித்தது. எழுதியதை உரக்கப் படித்தார். பொருள் மறந்த சொற்களை மறுநாள் மீண்டும் பார்த்தார். கறையான் தின்னும் 'ஆர்ட்வார்க்' என்ற ஆப்பிரிக்க விலங்கு முதல் பக்கத்திலிருந்தே அவர் நினைவில் தங்கிவிட்டது. இப்படியே அகராதி முழுவதையும் எழுதி முடித்தார்.

நான் செய்யத் தவறியது, அடுத்து அவர் செய்ததைத்தான். கற்ற சொற்களோடு சிறை நூலகத்தின் வரலாற்று, தத்துவ நூல்களுக்குள் நுழைந்தார். கைதிகளின் விவாத அரங்கில் அச்சொற்களைப் பேசிப் பழகினார். இரவு 10 மணிக்கு விளக்கணைந்த பின் நடைவழி வெளிச்சத்தில் தரையில் அமர்ந்து படிப்பார். காவலரின் காலடி கேட்டால் படுக்கைக்குத் தாவுவார். மூக்குக்கண்ணாடி சிறையிலேயே வந்து சேர்ந்தது.

1952-இல் விடுதலையானார். 1965 பிப்ரவரியில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39. அவர் பேச்சைக் கேட்ட பலர், எட்டாம் வகுப்பைத் தாண்டி வெகுதூரம் படித்தவர் என்றே எண்ணியிருந்தார்கள்.