திரு. வி. கலியாணசுந்தர முதலியார்

சிவநெறியில் நிற்பார் ஒருவர் அரசியலிலும் தொழிலாளர் கிளர்ச்சியிலும் தலையிடுதல் தகுமோ என்னும் வினா, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நம் சைவ சபைகளிற் பலகாலும் எழுந்த தொன்று. சமயம் வேறு, உலகியல் வேறு என்று வரம்பு கட்டினார் பலர். அவ்வரம்பு பொய் வரம்பென்று கொண்டு, அக்கொள்கையைத் தம் வாழ்நாள் முழுதும் நடந்து காட்டினார் ஒருவர். அவரே இராயப்பேட்டைத் திரு. வி. கலியாணசுந்தர முதலியார்.

இவர் பெயரின் முன்னுள்ள திரு என்பதை மரியாதைச் சொல்லென இக்காலத்தார் பலர் கருதுகின்றனர். அஃது அன்று; முன்னோர் ஊராகிய திருவாரூரைக் குறிக்கும் எழுத்தே அது. அடுத்த எழுத்து, தந்தையார் விருத்தாசல முதலியாரைக் குறிப்பது. தாயார் சின்னம்மாள். பிறந்த ஊர் செங்கற்பட்டு வட்டாரத்துத் துள்ளம். பிறந்த நாள் 26-8-1883. கல்வியின் பொருட்டு இராயப்பேட்டையிற் குடியேறிய குடும்பம் பின் அங்கேயே தங்கிற்று. இளமையிற் கைகால்கள் முடங்கப் பெற்றுச் சில ஆண்டு பள்ளி செல்லாது கிடந்தார். நோய் நீங்கியபின் வெஸ்லி பள்ளியிற் சேர்ந்தார். ஆண்டுத் தமிழாசிரியராய் இருந்தவர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை. தமிழும் சைவமும் இவர் உள்ளத்தில் ஒருங்கே வேரூன்றியது அவ்வாசிரியர் திருவடியிலேயாம்.

அருட்பா மருட்பா வழக்கை நம் அன்பர் பலரும் அறிவர். இராமலிங்க சுவாமிகள் பாடல்களை அருட்பா எனல் தகாதென்று நின்றார் கதிரைவேற் பிள்ளை. பூசல் முற்றி 1904-ஆம் ஆண்டில் நியாயமன்றம் ஏறியது. ஆசிரியர் பொருட்டு மன்றம் சென்ற மாணாக்கர், அவ்வாண்டிறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பை இழந்தார். அத்தோடு அவர் பள்ளிக் கல்வியும் முடிந்தது. ஈண்டு நோக்கற்பாலதொன்று உண்டு. எவ்வழக்கின் பொருட்டுத் தம் கல்வியைத் துறந்தனரோ, அவ்வழக்கில் எதிர்த்தரப்பில் வைத்தெண்ணப்பட்ட இராமலிங்க சுவாமிகளின் கருத்தையே பிற்காலத்துப் போற்றித் தனி நூல் யாத்தனர். அதனால் ஆசிரியரிடத்து வைத்த பத்தி ஓரணுவும் குறைந்ததில்லை. கதிரைவேற் பிள்ளையின் வரலாற்றை எழுதியவரும் இவரே. ஆசிரியரை வணங்குதல் வேறு, ஆசிரியர் கொண்ட பகைமையையும் உடன் வாங்கிக் கொள்ளுதல் வேறு என்னும் இத்தெளிவு நம்மவருட் பலருக்கு இன்னும் வாய்த்திலது.

கதிரைவேற் பிள்ளை 1907-இல் மறைந்தார். பின்னர் மயிலைத் தணிகாசல முதலியாரிடம் பாடங் கேட்டார். ஸ்பென்ஸர் கம்பெனியிற் சிறிது காலம் கணக்கெழுதி, அதனை விடுத்துத் தாம் பயின்ற வெஸ்லி பள்ளியிலேயே ஆசிரியரானார். 1912-இல் கமலாம்பாள் என்னும் அம்மையாரை மணந்தார். பெரிய புராணத்துக்குக் குறிப்புரை வகுத்ததும் இவ்விளமைக் காலத்திலேயாம். இவ்வண்ணமே சென்றிருப்பின், ஒரு நல்ல தமிழாசிரியராகவும் சைவப் பிரசங்கியாராகவும் பெயர் பெற்று அமைந்திருப்பர்.

1917-ஆம் ஆண்டிறுதியிற் பள்ளியைத் துறந்து தேசபக்தன் என்னும் நாட்பத்திரிகைக்கு ஆசிரியரானார். அக்காலத்து அரசியல் மேடைகளில் ஆங்கிலமே ஆட்சி செலுத்திற்று. பத்திரிகைத் தமிழோ வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து தடுமாறிக் கிடந்தது. நாட்டு நிலையை நற்றமிழில் எழுதலாகும் என்பதைத் தேசபக்தன் நாடோறும் காட்டிற்று. 1920-இல் அதனை நீங்கி நவசக்தி என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இக்காலத்தார் தட்டின்றிப் பயிலும் அரசியற் சொற்கள் பல இவர் எழுதுகோலால் வழக்கூன்றியவை. தமிழ்ப் புலவர்க்குச் செய்தித்தாள் இழிந்த தொழில் என்றெண்ணிய பண்டிதரும் அந்நாளில் இருந்தனர். அவர் செய்த உரைகள் பலவும் இன்று செல்லரித்தன.

இவர் வரலாற்றில் நடுநாயகமாய் நிற்பது 1918-ஆம் ஆண்டு. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் என்னும் இரு நெசவாலைகள் இருந்தன. அவ்வாலைகளை அடுத்து, வேங்கடேச குணாமிர்தவர்ஷணி சபை என்றொரு சபை நடந்து வந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இருவர் அதனை நடத்தினர். ஆலையில் உழைத்துக் களைத்த மக்கள் அங்கே கூடிக் கடவுட் கதைகள் கேட்பர். சமயச் சொற்பொழிவுக்காகக் கூடியவர் தம் உணவு இடைவேளையின் குறுமையையும், ஆலையில் ஏற்கும் ஏச்சையும் அடியையும் முறையிடத் தொடங்கினர். அச்சபையினின்றே தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1918 ஏப்ரல் 27-இல் நிறுவப்பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு வாடியா தலைவர். நம் முதலியார் உதவித் தலைவருள் ஒருவர். முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவது என்ப. அதற்குத் தொட்டில் ஒரு பஜனைச் சபை என்பதை அரசியல் நூலோரும் மறப்பர்; சமய நூலோரும் மறப்பர்.

அவ்வாண்டு செப்டம்பரிற் கமலாம்பாள் அம்மையார் காலமானார். பிறந்த மக்கள் இருவரும் முன்னரே மறைந்தனர். முதலியார்க்கு அப்போது வயது முப்பத்தைந்து. மறுமணம் பலர் வற்புறுத்தியும் கொண்டிலர். இங்ஙனம் தனித்தவர் துறவைப் புகழ்ந்து நூல் எழுதுவர் என்றே எவரும் எதிர்நோக்குவர். இவர் எழுதியதோ பெண்ணின் பெருமை. வாழ்க்கைத் துணை என்பது அதன் மறுபெயர். பெண்ணை மாயையென்றும் வீடுபேற்றுக்குத் தடையென்றும் பாடியோர் கூற்றை மறுத்து, இல்வாழ்வே அன்பு வளரும் இடமென்றும், அன்பு வளர்தலே பிறவியின் பயனென்றும் அந்நூலில் நிறுவினர். குழந்தை மணத்தைக் கடிந்தனர். கைம்பெண் விரும்பின் மறுமணம் செய்துகொள்ளும் உரிமை அவட்கு உண்டென்றனர். தமக்கு வேண்டாவென்று விலக்கிய ஒன்றைப் பிறர்க்கு உரிமையென வாதாடினர். நாயன்மாருள் மிகப் பலர் மனைவாழ்க்கையினர் என்பதை நாம் மேடைதோறும் சொல்கின்றோம். அதனின்று இம்முடிபை வாங்கியவர் மிகச் சிலர்.

அரசியலில் இவர் பட்ட இடர்கள் பல. 1921-இல் ஆலை வேலைநிறுத்தம் நீண்டு, சாதிப் பிளவாய்த் திரிந்து, புளியந்தோப்பில் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. கவர்னர் வில்லிங்டன் அழைத்து, நாடு கடத்த நேரும் என அச்சுறுத்தினார். அதனினும் இவரை வருத்தியிருக்கற்பாலது தொழிலாளர் தம்முள் இருகூறானமையே. ஒரே தறியில் நின்று உழைப்போரையும் சாதி பிரித்துவிடும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று. சங்கத் தலைவர்கள் ஆதிதிராவிடத் தொழிலாளரின் தனித்த அச்சத்தையும் வறுமையையும் போதிய அளவு எண்ணிப் பார்த்தனர் என்று யாம் கூறமாட்டோம்.

1925 நவம்பரிற் காஞ்சீபுரத்திற் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொணர்ந்த ஈ. வெ. இராமசாமி நாயக்கர்க்கு இடந்தராது அதனைத் தள்ளினார். நாயக்கர் வெளியேறினார், தமிழ்நாட்டு அரசியல் அன்று இரண்டாகப் பிளந்தது. தலைவர் விதியைக் காத்தார் என்பர் ஒரு சாரார். நீதியைக் கைவிட்டார் என்பர் மற்றொரு சாரார். சமுதாய ஏற்றத்தாழ்வை நவசக்தியில் ஓயாது கடிந்து வந்த ஒருவர் அத்தீர்மானத்தை விவாதத்துக்கேனும் விட்டிருக்கலாம் என்பதே எம் எண்ணம். பின்னர் இருவரும் சமயத்திற் கடுமையாக மாறுபட்டு எழுதினரேனும் நட்பிற் குறைந்திலர்.

சமரசம் பற்றிய இவர் கருத்தை இப்பத்திரிகை அன்பர் சிறப்பாக ஆராய்தல் வேண்டும். முருகன் என்பது அழகு, இளமை, மணம், கடவுட்டன்மை என விரியும் என்றும், இயற்கையை இறைவன் திருமேனியாகக் காண்டல் வேண்டும் என்றும் முருகன் அல்லது அழகு என்னும் நூலில் உரைத்தனர். அதுகாறும் நமக்குத் தடையில்லை. முருகன் அருள் வேட்டல் பாடியவர் திருமால் அருள் வேட்டலும் கிறிஸ்துவின் அருள் வேட்டலும் பாடினர். புத்தர், அருகர், கிறிஸ்து, நபி அனைவரும் உணர்த்தியது ஒரே சன்மார்க்கம் என்றனர். சித்தாந்தம் பிற சமயங்களைப் பகையாகக் கொள்வதன்று. படிமுறையில் வைத்துக் காண்பது. படிகள் உளவெனக் கூறுதலும் படியே இல்லையெனக் கூறுதலும் ஒன்றாகா. உயிர், பாசம், பதி என்னும் முப்பொருளியல்பில் அச்சமயங்கள் கொண்ட வேறுபாடுகளை இவர் பொருட்படுத்தாது கடந்து சென்றனர். நூலாராய்ச்சியில் இது குறையே. ஆயினும் சைவமேடையில் நின்று அயற்சமயத்தாரைப் பழித்து ஒரு சொல்லும் இவர் சொல்லாமைக்கும் காரணம் இதுவே. குறையும் நிறையும் ஒரே வேரினின்று எழுந்தன.

பொருளியலிலும் இவ்வாறே. உழைப்பின் பயன் உழைப்பார்க்குச் சேரவேண்டும் என்பதில் மார்க்ஸ் முனிவரைத் தழுவினர். அதனைப் பெறும் வழியிற் காந்தியடிகளைத் தழுவினர். அருளில்லாப் பொருளாட்சி கொடுங்கோலாகும், பொருளை மறந்த அருட்பேச்சு ஏழையை ஏய்க்கும் என்பது இவர் முடிபு. பொதுவுடைமையாளர் இவரைச் சாமியார் என்றனர். சைவருட் சிலர் கலகக்காரர் என்றனர். 1947-இல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது அறுபத்து நான்காம் வயதை நெருங்கிய இவரை அரசாங்கம் வீட்டுக்காவலில் வைத்தது. அப்போது ஆண்டது இவர் முன்பு உழைத்து வளர்த்த காங்கிரஸ் மந்திரிசபை. நாடு விடுதலை பெற்றதும் அவ்வாண்டே.

தம் வரலாற்றை வாழ்க்கைக் குறிப்புகள் என 1944-இல் வெளியிட்டனர். இறுதியாண்டுகளிற் கண்ணொளி குன்றிற்று. எழுதுகோல் பிடிக்கலாகாமையால் வாயாற் சொல்லப் பிறர் எழுதினர். அங்ஙனம் எழுந்தவற்றுக்கு முதுமை உளறல் என்றும் படுக்கைப் பிதற்றல் என்றும் பெயரிட்டனர். உளறலும் பிதற்றலும் அவற்றில் இல்லை. 17-9-1953-இற் சென்னையில் மறைந்தார். பெரிய புராணக் குறிப்புரையால் இவரை அறிந்த சைவர், பெண்ணின் பெருமையையும் எடுத்துப் பார்ப்பாராக. அங்கும் அக்குறிப்புரைகாரரையே காண்பர்.