சிதம்பரனாரின் சன்னது

சிறைக்கதவு திறந்தால் தண்டனை முடிந்தது என்பது ஊரார் எண்ணம். 1912 டிசம்பர் 24-ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையைவிட்டு வெளியே வந்தாரே வ. உ. சிதம்பரனார், அவரைக் கேட்டிருந்தால் வேறு கணக்குச் சொல்லியிருப்பார். செக்கிழுத்த கைக்கு விடுதலை கிடைத்தது; மன்றத்திலே வாதாடிய நாவுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய வழக்கறிஞர் சன்னதைப் பறித்துக்கொண்ட வெள்ளையர் ஆட்சி, தண்டனைக் காலம் தீர்ந்த பிறகும் அதைத் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தது.

கப்பலோட்டிய தமிழர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். செக்கிழுத்த செம்மல் என்று சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. முழங்க வேண்டியதுதான், அழ வேண்டியதுதான். ஆனால் அந்தச் சன்னதைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. ஆரவாரமில்லாத கதை அது. அடுப்பெரியாத வீட்டின் கதை. அதையே இன்று பேசுவோம்.

ஒட்டப்பிடாரத்திலே 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர் சிதம்பரனார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். மகனும் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, தேர்வெழுதி, 1895-இல் ஒட்டப்பிடாரத்திலேயே பிளீடராக அமர்ந்தார். கோட்டும் தலைப்பாகையும் அணிந்தவர்கள் பலர் உண்டு. காசில்லாதவன் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவர்கள் எத்தனை பேர்? இவர் வந்தார். ஏழைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடினார். காவல்துறையார் சோடித்த வழக்குகளைக் கிழித்தெறிந்தார். அதிகாரிகளுக்கும் அவருக்கும் பகை முற்றக் கண்ட தந்தையார், மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அது 1900-ஆம் ஆண்டு. பகையைத் தணிக்கத் துறைமுக ஊருக்கு அனுப்பினார். அங்கே போன மகனோ பேரரசோடு பகை தேடிக்கொண்டார்!

கப்பல் கதை நாடறிந்தது, விரிக்க வேண்டியதில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. பங்கு ஒன்று 25 ரூபாய், மூலதனம் 10 லட்சம். மறு ஆண்டில் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதில் வெற்றி. மார்ச் 12-இல் கைது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-இல் தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒரு மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள். பின்ஹே துரையோ இரண்டு ஆயுளைக் கேட்டார். உயர்நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது. கோவையிலும் கண்ணனூரிலும் நாலரை ஆண்டுக்காலம் அவர் பட்டது இன்னதென்று நாமெல்லாம் அறிவோம்.

பறிபோன சன்னது இருக்கிறதே, அதற்கொரு சட்டம் உண்டு. 1879-ஆம் ஆண்டின் வழக்காடுவோர் சட்டம் அது. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட பிளீடரை நீக்க உயர்நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தந்தது. எந்தக் குற்றமானாலும் என்றா? இல்லை. அந்தத் தொழிலுக்கே தகுதியற்றவன் என்று காட்டக்கூடிய குணக்கேடு அந்தக் குற்றத்திலே வெளிப்பட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. கட்சிக்காரன் பணத்தை விழுங்கியவனிடம் குணக்கேடு உண்டு. பொய்ப் பத்திரம் புனைந்தவனிடம் உண்டு. ஏழைக்கு இலவசமாக வாதாடி, தன் பொருளையெல்லாம் கப்பலிலே கொட்டி, கூலிக்காரனுக்காகக் குரல் கொடுத்தவரிடம் எந்தக் குணக்கேட்டைக் கண்டார்கள்? ஆட்சியை எதிர்ப்பதும் அயோக்கியத்தனமும் அவர்கள் அகராதியிலே ஒரே சொல்!

விடுதலையான சிதம்பரனார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். மனைவி, மக்கள், வாடகை வீடு. கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. கற்ற தொழிலோ தடைசெய்யப்பட்ட தொழில். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் வாணிகம் நடத்தியவர் எண்ணெய் அளந்து கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். இழிவான தொழில் என்று நாம் சொல்லவில்லை, உழைப்பிலே இழிவேது? இவர் வாதாடினால் பிழைக்கக்கூடிய ஏழைகள் எத்தனை பேர் அந்த நாளில் வக்கீல் இல்லாமல் தோற்றிருப்பார்கள் என்பதே நம் கேள்வி.

தென்னாப்பிரிக்காவிலே கூலிகளாகப் போன தமிழர்கள் அவர் நிலை கேட்டு உள்ளம் உருகினார்கள். காசு திரட்டிக் காந்தியாரிடம் கொடுத்தார்கள். அது கைக்கு வராமல் கடிதம் மேல் கடிதம் எழுதினார் சிதம்பரனார். 347 ரூபாய் 12 அணா அவரிடம் வந்து சேர 1916 ஆகிவிட்டது. காந்தியார்மீது குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்தத் தொகைக்காகக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஒருவர் தபால்காரனை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்பதைச் சொல்லவே சொன்னோம்.

அந்த வறுமையிலும் தமிழை விடவில்லை அவர். ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழாக்கினார். திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு 1917-இல் பதிப்பித்தார். வழக்குக் கட்டுகளைப் புரட்ட விடாத ஆட்சி, ஏட்டுச் சுவடிகளைப் புரட்டுவதைத் தடுக்க முடியவில்லை.

சன்னது எப்படித் திரும்பி வந்தது? மன்னிப்பு எழுதிக் கொடுத்தாரா? மனம் திருந்திவிட்டேன் என்றாரா? திருந்துவதற்கு அவரிடம் என்ன இருந்தது! நீக்கப்பட்ட வழக்கறிஞர் மீண்டும் நுழைய வேண்டுமானால் நன்னடத்தைக்குச் சான்று வேண்டும் என்பார்கள், மன்னிப்பு ஆணை வேண்டும் என்பார்கள். களவு செய்தவனிடம் அதைக் கேட்பது முறை. இவருக்காகப் பேச வந்தவர் ஒரு வெள்ளைக்காரர்: நீதிபதி இ. எச். வாலஸ்.

யார் இந்த வாலஸ்? 1908-இல் நெல்லையிலே மாஜிஸ்திரேட்டாக இருந்து, சிதம்பரனார் வழக்கின் முதல் விசாரணையை நடத்திச் செஷன்சுக்கு அனுப்பிவைத்தவர். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். கூண்டிலே நின்ற மனிதரை அருகிருந்து பார்த்தவர் அவர். இந்த மனிதர் வழக்காடத் தகுதியற்றவரல்லர் என்று கண்டு, 1920-களில் அந்தச் சன்னது திரும்பக் கிடைக்கச் செய்தவர் அவரே.

நன்றி மறவாத சிதம்பரனார், தம் கடைசி மகனுக்கு அந்த வெள்ளைக்காரர் பெயரைத் தமிழாக்கி வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்றவர் வெள்ளையன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்கள் சிதம்பரனாரை அறியாதவர்கள். அவர் எதிர்த்தது ஆட்சியை. ஆளின் தோல் நிறத்தை அல்ல. செய்ந்நன்றி சொல்ல வள்ளுவத்தைப் பதிப்பித்தவருக்கா தெரியாது?

என்றாலும் நம் நெஞ்சிலே ஒரு முள் உறுத்துகிறது. வாலசுக்கு நன்றி, ஆனால் ஒரு வாலஸ் இல்லாதிருந்தால்? அவர் உயர்நீதிமன்றத்துக்கு வராமல் சீமைக்குத் திரும்பியிருந்தால்? நீதிமன்றம் தந்த தண்டனையை அனுபவித்து முடித்த மனிதனுக்குத் தொழில் செய்யும் உரிமை, ஒருவருடைய நல்ல மனத்தைப் பொறுத்தா இருக்க வேண்டும்? இன்றைக்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்திலே, பின்னர் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஆனால் விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை விலகும். ஒழுக்கக்கேடு செய்தவனுக்கே இரண்டு ஆண்டு! சிதம்பரனார் காத்திருந்ததோ அதைவிடப் பன்மடங்கு.

அவராவது உயிரோடிருக்கும்போது பெற்றார். இலண்டன் இன்னர் டெம்பிள் மன்றம் 1909-இல் சியாம்ஜி கிருஷ்ண வர்மாவை நீக்கியது. 2015-இல் திரும்பச் சேர்த்தது. 1922-இல் காந்தியாரை நீக்கியது; 1988-இல் சேர்த்தது. செத்தவனுக்குச் சன்னது! அதை வைத்து எந்த ஏழைக்கு வாதாடுவது?

சிதம்பரனார் கையில் வந்தது உயிருள்ள சன்னது. கோவில்பட்டியிலே மீண்டும் மன்றம் ஏறினார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். வயதும் நோயும் கூடிவிட்டன. பழைய வருவாய் வரவில்லை. 1936 நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் கண்மூடினார். 2011-இல் அந்த ஊர்த் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மறையுமுன் எழுதி வைத்த விருப்ப ஆவணத்திலே, தாம் கொடுக்க வேண்டிய கடன்களை அந்த வழக்கறிஞர் கணக்காகக் குறித்து வைத்திருந்தார்.