டீசல் லாரிக்கு டர்போ தந்த ஆல்ஃபிரட் பூஹி: பூஸ்ட்டை நிலைநிறுத்த அவருக்கே 20 ஆண்டுகள் ஆனது ஏன்?

பழைய டீசல் லாரி ஏற்றத்தில் இழுக்கலன்னா, ஒர்க்‌ஷாப்பில் சட்டென்று வரும் யோசனை ஒன்று உண்டு: டர்போ பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏத்திடலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஆனால், டர்போவைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பூஹிக்கே அந்த அழுத்தத்தை ஓர் இன்ஜினில் நிலைநிறுத்த 20 ஆண்டுகள் ஆயின. ஏன் என்று தெரிந்தால், திருகில் கை வைக்கும் முன் யோசிப்போம்.

யார் இந்த பூஹி?

1879 ஜூலை 11-ல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவர். அவரது தந்தை அந்த ஊரின் சுல்சர் இன்ஜின் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். பூஹி 1903-ல் சூரிச்சில் பொறியியல் முடித்து, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

அங்கே அவரை உறுத்தியது ஒரு கணக்கு. இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால்? 1905 நவம்பர் 16-ல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 26.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இது எளிதில் புரியும். நந்திதுர்க், சாம்பியன் ரீஃப் உள்ளிட்ட சுரங்கங்களில் பாறையைத் துளைத்த கருவிகள் ஓடியது அழுத்தப்பட்ட காற்றில்தான். 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டாலும், கனரக மண்வேலை இயந்திரங்கள் செய்யும் பெமல் ஆலை அங்கே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8% குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த இழப்பை அப்படியே தாங்க வேண்டும்.

முதல் முயற்சி ஏன் தோற்றது?

1909-ல் பூஹி சுல்சருக்குத் திரும்பினார். 1915-ல் செய்த மாதிரி இன்ஜினில், தேவையான காற்றழுத்தத்தைத் தொடர்ந்து தக்கவைக்க முடியவில்லை. டர்போ தனியாக ஓடும் பொருள் அல்ல. புகைக்குழாய், வால்வு திறக்கும் நேரம், எரிபொருள் அளவு எல்லாம் அதற்குப் பொருந்த வேண்டும்.

விடை 1925-ல் கிடைத்தது. ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகையைத் தடுக்காதபடி குழாய்களைப் பிரித்தார். உள்வரும், வெளியேறும் வால்வுகள் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கச் செய்து, மிச்சப் புகையைப் புதிய காற்று துடைத்துத் தள்ளும்படி அமைத்தார். சிலிண்டரும் குளிர்ந்தது. அதே பத்தாண்டில் ப்ராய்சன், ஹன்செஸ்டாட் டான்சிக் ஆகிய ஜெர்மன் பயணிக் கப்பல்களின் இன்ஜின் திறன் 1,750-லிருந்து 2,500 குதிரைசக்தியாக உயர்ந்தது. சுமார் 43% கூடுதல்!

லாரிக்கு இது வந்தது 1938-ல், சுவிஸ் நிறுவனமான சௌரர் மூலம். பூஹி 1959 அக்டோபர் 27-ல், பிறந்த ஊரிலேயே காலமானார்.

சரி, பூஸ்ட்டை ஏத்தினால் என்ன ஆகும்?

பழைய லாரிகளில் டர்போ இரண்டு வகை. வேஸ்ட்கேட் உள்ளதில், அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஒரு சிறு கதவு திறந்து, மிகுதிப் புகையை டர்போவைச் சுற்றிக் கடத்திவிடும். அதன் தடியின் நீளத்தைக் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். வேஸ்ட்கேட் இல்லாததில், டீசல் பம்பைக் கூட்டினால்தான் பூஸ்ட் ஏறும்.

இங்கேதான் பூஹியின் பாடம். காற்று மட்டும் கூடினால், இழுவை பெரிதாகக் கூடாது. டீசல் மட்டும் கூடினால் கரும்புகை வரும், புகையின் வெப்பம் எகிறும். டர்போவுக்குள் நுழையும் புகை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் பிஸ்டனும் டர்போவும் சேர்ந்தே போகலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் சுற்று சுழலும் தண்டு அது. உடைந்தால், ஒற்றை லாரியை நம்பிக் கடன் கட்டுபவருக்குப் பல மாத வருமானம் போச்சு.

முதலில் பார்க்க வேண்டியவை:

• ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா
• ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலரில் காற்று கசிகிறதா
• டர்போவுக்கு முன்னால் புகை கசிகிறதா
• கேஜ் வைத்துப் பார்த்தால், பூஸ்ட் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா

பல நேரம் குறை இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். அதைச் சரிசெய்தாலே பழைய இழுவை திரும்பிவிடும். அதற்குப் பிறகும் பூஸ்ட் குறைவாக இருந்தால், வேஸ்ட்கேட்டையும் பம்பையும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குச் சேர்த்தே அமைக்க வேண்டும். அதற்கு மேல் போவது, தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவிலும் சிக்கலாம்.

பூஹி 20 ஆண்டுகள் தேடியது அதிக அழுத்தத்தை அல்ல. காற்றும் டீசலும் வெப்பமும் ஒத்துப்போகும் அளவைத்தான்.