கொல்லைப்புறத்தைக் கற்ற குருவானவர்

நம்மில் பலர் வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கிறோம். அதே வீட்டின் கொல்லையில் அணில், ஓணான், தேரை என்று நாம் வளர்க்காத உயிர்களும் குடியிருக்கின்றன. அவற்றைத் தொல்லை என்று விரட்டுவதா, அயலார் என்று ஏற்பதா? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் கில்பர்ட் வைட்.

இவர் 1720-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த செல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானார். வேக்ஸ் என்ற தம் இல்லத்தில் தங்கி இறைப்பணியும் தோட்டப்பணியும் செய்தார். 1751 முதல் தோட்டத்தில் கண்டவற்றைக் குறித்து வைத்தார்.

இரவில் முள்ளெலிகள் வந்து அவருடைய புல்வெளிப் பாதையில் சிறு குழிகளைப் பறித்தன. வேறொருவராயின் தடியை எடுத்திருப்பார். வைட் குனிந்து குழியைப் பார்த்தார். அவை களைச்செடியின் இலையைத் தொடாமல் வேரை மட்டும் தின்பதாகக் கருதினார். பாதை கெடுவதையும் களை ஒழிவதையும் நடுநிலையோடு எழுதி வைத்தார். தோட்டக்காரர் வெறுத்த மண்புழு, மண்ணைத் துளைத்து நீரும் வேரும் இறங்க வழிசெய்கிறது என்று 1777-இல் எழுதினார். டார்வினின் மண்புழு நூல் வெளிவந்ததோ 1881-இல்தான்!

1780-இல் அவருடைய அத்தை மறைந்தபோது, அவர் வளர்த்த திமோத்தி என்ற ஆமையை வைட் ஏற்றுக்கொண்டார். மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த அதைத் தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார். ஆண் பெயர் பெற்ற அந்த ஆமை உண்மையில் பெண் என்பது அது இறந்த பின்னரே தெரியவந்தது.

அவர் எழுதியவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது ஒரு பூனையின் கதை. நண்பர் ஒருவரின் வீட்டில் ஈன்ற குட்டிகளை இழந்த தாய்ப்பூனை ஒன்று இருந்தது. அதே சமயம் அங்கு வளர்ந்த முயல்குட்டி காணாமற்போயிற்று. நாயோ பூனையோ தின்றிருக்கும் என்று எல்லோரும் எண்ணினர். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில், அப்பூனை வாலை உயர்த்திக் கொஞ்சியழைத்தபடி தோட்டத்தில் வந்தது. அதன் பின்னே துள்ளி வந்தது அந்த முயல்குட்டி! இரையாக வேண்டியதைப் பாலூட்டி வளர்த்திருந்தது பூனை. தாய்மைத் துயரமே இதற்குக் காரணம் என்று வைட் கருதினார்.

அவரும் தவறியதுண்டு. தகைவிலான் குருவிகளுள் சில குளிர்காலத்தில் அவ்வூர்ப் பக்கத்திலேயே ஒளிந்து உறங்கக்கூடும் என்று நெடுங்காலம் ஐயுற்றார். அவை ஆப்பிரிக்காவுக்குப் பறந்து செல்வதை இன்று நாம் அறிவோம். ஆயினும், தெரியாததைத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொண்டதில்லை.

நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து, செல்போர்னின் இயற்கை வரலாற்றை 1789-இல் நூலாக்கினார். 1793 ஜூன் 26-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அன்புத் தோழியரே! கொல்லையில் ஓர் உயிரைக் கண்டு கல்லெடுக்கும் முன், வைட்டைப்போல் சற்றுக் குனிந்து பார்ப்போம். படைத்தவர் அதற்கும் அங்கே ஒரு வேலை தந்திருப்பார்.