மொழிகளின் உறவு தேடிய கால்டுவெல்

தமிழ்த் தொண்டு புரிந்த மேலைநாட்டு அறிஞர்களுள் சிறப்பிடம் பெற்றவர் இராபர்ட் கால்டுவெல். இவர் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். சமயப் பணிக்காக 1838இல் சென்னை வந்தார். 1841இல் நெடுந்தூரம் நடந்தே நெல்லைச் சீமை சென்று, இடையன்குடியில் தங்கிப் பணியாற்றினார்.

நமது விழுப்புரம் சந்திப்பில் இரயிலுக்காக நிற்கும்போது தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் காதில் விழுகின்றன. இவை தமிழோடு ஒரே குடும்பம் என்று எல்லிஸ் துரை 1816இல் சுட்டினார். அதை விரிவாக நிறுவியது, கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். நமது செவி கன்னடத்தில் கிவி. நமது சேரி அங்கே கேரி. இவ்வாறு ஒலிகள் ஒழுங்காக மாறி வருவதே மொழி உறவுக்குச் சான்றாகும்.

அவர் அதோடு நிற்கவில்லை. பின்லாந்து, துருக்கி முதலிய நாடுகளின் மொழிகளைச் சித்திய இனம் என்று அழைத்து, திராவிட மொழிகளும் அவற்றுக்கு உறவே என்று கருதினார். சொல்லோடு உருபுகள் ஒட்டும் முறை இரண்டிலும் ஒத்திருப்பது உண்மையே. ஆயினும் ஒழுங்கான ஒலிமாற்றம் காட்டப்படாமையால் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் ஜப்பானிய மொழியோடு தமிழை இணைத்தவர்களுக்கும் இதே தடை எழுந்தது.

1877இல் ஆயராகத் திருநிலை பெற்ற கால்டுவெல், 1891இல் கொடைக்கானலில் மறைந்தார். ஊகம் நிலைக்காவிடினும் அவர் நிறுவிய உண்மை நிலைத்தது. ஆகவே தோழியரே, தமிழின் பெருமை பேசும்போது, நிறுவியது எது, ஊகித்தது எது என்று பிரித்தறியப் பழகுவோமாக!