முத்திரைக் காகிதமும் ஒரு கப்பல் வீரரும்

பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்தில் 1773 டிசம்பர் 12ஆம் தேதி பிறந்தவர் ரொபேர் சுர்கூப். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது பெற்றோர் ஆசை. பையனோ பள்ளியை விட்டு ஓடிப்போய்க் கப்பலேறினார்.

அந்நாளில் யுத்தம் மூண்டால் அரசாங்கம் தனியாருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் வழங்கும். அதைப் பெற்றவர் சொந்தச் செலவில் கப்பலில் பீரங்கி பூட்டி, எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்கலாம். கிடைத்ததில் முதலாளிக்கும் மாலுமிகளுக்கும் பங்கு உண்டு. பத்திரமின்றிச் செய்தால் அதுவே கடற்கொள்ளை. முத்திரைக் காகிதத்தின் மகிமையை, மயூர் விஹாரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆபீசுக்குப் போகும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

1795ல் மொரீஷியஸ் கவர்னர் மலார்த்திக் அப்பத்திரத்தைத் தர மறுத்தார். சரக்கு ஏற்றிவர மட்டுமே அனுமதி. சுர்கூப்போ வங்காள விரிகுடாவுக்கு வந்து, வழிகாட்டிக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றினார். 1796 ஜனவரி 29ஆம் தேதி, இருபதுக்கும் குறைவான ஆட்களுடன் அதில் சென்று, பாலசோர் அருகே கிழக்கிந்தியக் கம்பெனியின் டிரைட்டன் கப்பலைப் பிடித்தார். அதில் இருந்தவர்களோ சுமார் 150 பேர். வழிகாட்ட வருகிறார்கள் என்று அவர்கள் நம்பியதே காரணம்.

வெற்றியுடன் திரும்பியவரிடம் கவர்னர் பத்திரம் எங்கே என்று கேட்டார். பிடித்தவை அனைத்தும் பறிமுதலாயின. சுர்கூப் பாரிஸ் வரை சென்று வாதாடி, ஒரு பகுதித் தொகைக்கு உரிமை பெற்றார்.

பின்னர் பத்திரத்துடனேயே புறப்பட்டார். 1800 அக்டோபர் 7ஆம் தேதி, 18 பீரங்கிகள் கொண்ட கான்பியான்ஸ் கப்பலில் வந்து, தம்மைவிடப் பெரிய கென்ட் கப்பலை வங்கக் கடலில் பிடித்தார். அதன் தலைவர் ரிவிங்டன் போரில் மாண்டார். 1807ல் மீண்டும் வந்து, அரிசி ஏற்றிய பல கப்பல்களைக் கைப்பற்றினார். கல்கத்தா வியாபாரிகள் கலங்கினர்.

இவரது வீரத்துக்கு ஒரு கறையும் உண்டு. 1794ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பின்னரும் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்றார். அந்தப் பாவத்தை எந்தப் பத்திரமும் கழுவாது.

பெருஞ்செல்வராக 1827 ஜூலை 8ஆம் தேதி காலமானார். 1856ல் பாரிஸில் கூடிய நாடுகள் இத்தகைய தனியார் வேட்டையைக் கைவிட்டன. ஒரு துண்டுக் காகிதம் கொள்ளையை வீரமாக்கிய காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது.