டாரதியா டிக்ஸ் அம்மையார்

குற்றஞ் செய்தவனைச் சிறையிலிடுவது சட்டம். நோயுற்றவனைச் சிறையிலிடுவது எந்தச் சட்டம்? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுதந்திரத்தின் தாயகமென்று தன்னைப் பறைசாற்றிக்கொண்ட அமெரிக்காவில் இக்கேள்வியை ஓயாமல் எழுப்பியவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி. டாரதியா டிக்ஸ் என்னும் அவ்வம்மையாரின் சரித்திரம், பொதுத் தொண்டில் இறங்கியோர் யாவரும் அறிந்திருக்கத் தக்கதென்பது நமது கருத்து.

அம்மையார் 1802-ஆம் ஆண்டில் மெயின் பிரதேசத்து ஹாம்ப்டன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோரிடம் சுகம் காணாது, இளமையிலேயே பாஸ்டன் நகரத்துப் பாட்டியாரின் இல்லத்தை அடைந்தார். பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார். உடல் நலிந்தமையால் 1836-இல் இங்கிலாந்து சென்று, லிவர்ப்பூல் நகரத்து ராத்போன் குடும்பத்தாரிடம் தங்கினார். விலங்கை அகற்றி, அன்பினாலும் வேலையினாலும் சித்தப்பிரமை கொண்டோரைத் தேற்றும் முறையை வில்லியம் டூக் என்பவர் 1796 முதலே யார்க் நகரில் நடத்திக் காட்டியிருந்த நாடு அது.

1841-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையிலுள்ள பெண்களுக்கு ஞாயிறு போதனை செய்ய அம்மையார் சென்றார். குற்றவாளிகளோடு, யாதொரு குற்றமும் செய்யாத சித்தஸ்வாதீனமற்ற ஸ்திரீகளும் அங்கே கணப்பில்லாத அறையில் அடைபட்டுக் கிடந்தனர். பித்தர்களுக்குக் குளிர் தெரியாதென்பது சிறைக்காவலரின் சமாதானம்! அம்மையார் நீதிமன்றம் வரை சென்று அவ்வறைக்குக் கணப்பு வாங்கிக் கொடுத்தார். பிறரானால் அத்துடன் திருப்தியடைந்திருப்பர். இவரோ, ஒரு சிறையில் கண்டது ஏனைய ஊர்களிலும் உண்டா என்று அறியப் புறப்பட்டார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மாஸசூசெட்ஸ் மாகாணமெங்கும் சிறைகளையும் ஏழை விடுதிகளையும் நேரிற் சென்று பார்த்தார். ஊர் ஊராகக் கண்டதைக் குறித்துக்கொண்டார். சங்கிலியில் பிணிக்கப்பட்டோர், கூண்டில் அடைக்கப்பட்டோர், ஆடையின்றி நிலவறையில் கிடந்தோர், பிரம்படி பட்டோர் ஆகிய எல்லோருடைய நிலையும் 1843-ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டசபைக்குச் சென்ற விண்ணப்பத்தில் ஏறிற்று. வாக்குரிமையற்ற ஸ்திரீயாதலால், டாக்டர் சாமுவேல் ஹௌ அதனைச் சபையில் சமர்ப்பித்தார். சில ஊர் அதிகாரிகள் பொய்யென்று கூச்சலிட்டனர். ஆயினும் ஊரும் இடமும் குறித்த சாட்சியம் அசைக்க முடியாததாயிற்று. உஸ்டர் நகரத்து மனோவியாதி வைத்தியசாலையை விஸ்தரிக்கச் சபை இசைந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. சிகிச்சை முறை உலகில் இல்லாமலில்லை. உஸ்டர் வைத்தியசாலை 1833-லேயே திறக்கப்பட்டது. ஆனால் இடமோ சொற்பம். வைத்தியசாலைக்குப் பணம் கட்டுவதைவிட ஏழை விடுதியில் பூட்டி வைப்பது ஊராருக்கு மலிவு. ஆகவே ஏழையைக் கொன்றது மருந்தின்மையன்று. மருந்தை அடைய வழியின்மையே. அவ்வழியைத் திறப்பது தனவந்தரின் தயவன்று, ராஜாங்கத்தின் கடமை என்று நாட்டியதே அம்மையாரின் பெருமை.

மாகாணம் மாகாணமாக இதே முறையைக் கையாண்டார். நியூ ஜெர்சியில் டிரென்டன் வைத்தியசாலை 1848-இல் எழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் அவர் முயற்சியால் தோன்றின அல்லது விரிந்தன என்பர். பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் சபையை அணுகினார். பொது நிலத்தில் ஒரு கோடி ஏக்கரைச் சித்தப்பிரமை கொண்ட ஏழைகளுக்கு ஒதுக்கும் மசோதா 1854-இல் இரு சபைகளிலும் நிறைவேறியது. ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸோ ரத்ததிகாரத்தைச் செலுத்தினார். தரும காரியம் மாகாணங்களின் பொறுப்பு, மத்திய அரசாங்கத்துக்கு அதில் அதிகாரமில்லை என்பது அவர் வாதம். 1850-இல் இருப்புப்பாதைக்குப் பொது நிலத்தை வழங்கிய அதே குடியரசு, பித்தருக்கு வழங்க மட்டும் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது விந்தையே! மனோவியாதிக்கென மத்திய அரசாங்கம் தேசீயச் சட்டமொன்று செய்ய 1946 வரை நோயாளிகள் காத்திருக்க நேர்ந்தது.

அம்மையார் தளர்ந்துவிடவில்லை. 1855-இல் ஸ்காட்லாந்து சென்று அங்குள்ள அவலத்தை எடுத்துக் காட்டினார். விசாரணைக் கமிஷன் ஏற்பட்டு, 1857-இல் புதுச் சட்டம் பிறந்தது. உள்நாட்டு யுத்தத்தில், 1861 முதல், சேனையின் தாதியர்க்குத் தலைவியாயிருந்தார்.

அவரிடம் குறையே இல்லையென்று நாம் கூறோம். தென் மாகாணச் சட்டசபைகளின் ஆதரவை நாடி, அடிமைக் கொடுமையைப் பற்றி வாய் திறவாதிருந்தார். ஒருவன் விலங்கை அகற்ற மற்றொருவன் விலங்கைக் காணாதிருப்பது தரும நியாயமாகாது. அவர் எழுப்பிய வைத்தியசாலைகளும் நாளடைவில் இடநெருக்கடியால் அடைப்பிடங்களாயின. கட்டடத்தைக் கட்டிய சபைகள், வேண்டிய வைத்தியரையும் பொருளையும் தொடர்ந்து அளிக்கத் தவறின.

1881-இல் டிரென்டன் வைத்தியசாலையிலேயே அவருக்கு இடமளிக்கப்பட்டது. 1887-ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே காலமானார். சட்டம் இயற்றுவித்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணும் தொண்டருக்கு அவர் சரித்திரம் ஓர் எச்சரிக்கை. சட்டம் இயற்றுவிப்பது எங்ஙனம் என்று அறியாத தொண்டருக்கு அதுவே பாடம். மேடையேறுமுன் ஊரூராய்ச் சென்று பார்த்தல் வேண்டும். வெற்றி பெற்ற பின்னும் மீண்டும் சென்று பார்த்தல் வேண்டும்.